ஏறாத வேளையிற் குதிரையைப் பழக்குதல்

காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்த்தவர்கள், அதன் தூண்களிலே வீரர்கள் குதிரைமேல் ஏறிப் பாயும் கோலத்தைக் கண்டு வியந்திருப்பார்கள். கல்லிற் செதுக்கிய குதிரைக்குப் பசியில்லை, பயமில்லை, வயிற்று நோயுமில்லை. ஆகவே அதன்மேல் ஏறியவன் எக்காலமும் ஏறியபடியே இருக்கலாம். உயிருள்ள குதிரையின் நிலைமை வேறு. நாளொன்றுக்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் அதன்மேல் ஏறுவதும் அதை வண்டியிற் பூட்டுவதும் ஒன்று அல்லது இரண்டு மணி நேரமே. மீதியுள்ள இருபத்திரண்டு மணி நேரத்தை அது எப்படிக் கழிக்கின்றதோ, அதைப் பொறுத்தே அந்த இரண்டு மணி நேரத்தில் அது அடங்கி நடப்பதும் முரண்டு பண்ணுவதும் அமைகின்றன. இந்த மீதி நேரத்திற் குதிரைக்கும் அதை வளர்ப்பவனுக்கும் உண்டாகவேண்டிய உறவைப் பற்றியதே இப்பாடம்.

ஆர்க்காட்டு நவாபாகிய முகம்மதலி வாலாஜாவின் பெயரால் வழங்கும் வாலாஜாபாத், கும்பினியார் காலத்திற் சேனைத்தளமாக இருந்த ஊர். பிற்காலத்தில் நம் நாட்டு ரயிலடிகள்தோறும் ஜட்கா வண்டிகள் வரிசையாக நின்றதைப் பெரியோர் பலர் நினைவுகூர்வர். அந்தக் காலம் கழிந்துவிட்டது. எனினும் கல்யாண ஊர்வலத்திற்கும், கோயில் உற்சவத்திற்கும், சிறு பாரவண்டிக்கும், சொந்த விருப்பத்திற்கும் மட்டக்குதிரை வைத்திருப்போர் இப்பொழுதும் உண்டு. மாட்டை வளர்த்துப் பழகிய குடும்பத்தார் குதிரையையும் மாட்டைப்போலவே பாவித்து நஷ்டமடைவது பெரும்பாலும் அறியாமையால் நேர்வது. எருதின் குணம் வேறு, குதிரையின் குணம் வேறு என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

1. பழைய சரித்திரம் கற்பிக்கும் பாடம்

ஏறக்குறைய 1292-93-ஆம் ஆண்டுகளிற் பாண்டிய நாட்டுக்கு வந்த வெனிஸ் நகரத்து யாத்திரிகராகிய மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசர்கள் கடல் வழியாகக் குதிரைகளை வருவித்ததைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஓர் அரசன் மட்டும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியதாகவும், ஆண்டு முடிவில் நூறு குதிரைகள்கூட எஞ்சவில்லை என்றும் அவர் கூறுகிறார். குதிரைகளைப் பராமரிக்கத் தெரிந்தவர்களும் லாடமடிப்பவர்களும் இங்கே இல்லாமையே இதற்குக் காரணமென்றும், அப்படிப்பட்டவர்கள் இங்கு வந்து சேராதபடி வியாபாரிகளே தடுத்து வந்தார்கள் என்றும் அவர் சொல்லுகிறார். குதிரை சாகச்சாகப் புதுக்குதிரை விற்பனையாகுமன்றோ? யாத்திரிகர் தொகையைச் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். எனினும் அவர் சுட்டும் காரணத்தை அலட்சியம் செய்வதற்கில்லை.

பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாப் இன்னும் நுட்பமான செய்தி ஒன்றைத் தருகிறார். இந்நாட்டிற் குதிரைகளைக் கொழுக்க வைப்பதற்காக நாற்பது நாள் லாயத்தில் முளையடித்துக் கயிற்றாற் கட்டி வைத்தார்களாம். வறுத்த தானியத்தை நெய்யிட்டும், பாலைக் காய்ச்சியும் கொடுத்தார்களாம். பிறகு யாதொரு பழக்கமும் செய்யாமல் திடீரென்று ஏறி ஓட்டினார்களாம். நல்ல வலிமையும் வேகமும் உள்ள குதிரைகளும் சொற்ப காலத்தில் மந்தமாகிப் பயனற்றுப் போயின என்று அவர் முடிக்கிறார்.

இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அரசர்கள் பணத்தில் லோபம் செய்யவில்லை. தீனியிலும் குறைவு வைக்கவில்லை. பாலும் நெய்யும் பெற்ற குதிரை மடிந்ததற்குக் காரணம், அதன் இயற்கைக்கு ஒவ்வாத தீனியும், அசைவற்ற கட்டும், பழக்கமின்மையுமே. எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இதே பிழையைச் செய்தால் நஷ்டம் அரசாங்கக் கஜானாவுக்கு அல்ல. கடன் வாங்கிக் குதிரை வாங்கிய குடியானவனுக்கே.

2. குதிரையின் இயல்பு

குதிரை புல்வெளியிற் கூட்டமாக மேய்ந்து, புலி சிறுத்தைகளுக்குத் தப்பி ஓடிப் பிழைத்த ஜாதி. எருதுக்குக் கொம்பு உண்டு. குதிரைக்கு ஓட்டமே ஆயுதம். ஆகவே சந்தேகம் தோன்றிய மாத்திரத்தில் ஓட நினைப்பது அதன் பிறவிக்குணமேயன்றித் துஷ்டத்தனமன்று. ஓட இடமில்லாதபோதுதான் அது பெரும்பாலும் உதைக்கவும் கடிக்கவும் துணிகின்றது.

அதன் கண்கள் தலையின் இருபுறத்திலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குப் பார்வை உண்டு. நெற்றிக்கு நேர் முன்னே சிறிதளவும், வாலுக்கு நேர் பின்னேயும் மட்டும் கண் எட்டாது. பின்புறமாக ஓசையின்றி வந்து தொடுகின்றவன் உதை வாங்குவதற்கு இதுவே காரணம். எப்போதும் தோளுக்குப் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே அணுகுதல் வேண்டும். சிறுவர்களுக்கு இதை முதலிற் கற்பிக்க வேண்டும். குதிரையுள்ள வீட்டில் இந்த ஒரு விதி தெரியாமையால் நேரும் விபத்து, ஒரு குழந்தையின் உயிரையே பலி கொள்ளக்கூடும்.

மனிதனுடைய உடலசைவைக் குதிரை அறியும் நுட்பம் ஆச்சரியமானது. ஜெர்மனி தேசத்தில் பெர்லின் நகரத்தில் ஹான்ஸ் என்ற ஒரு குதிரை இருந்தது. அதன் எஜமானர் கேட்கும் கணக்குகளுக்குக் குளம்பைத் தரையில் தட்டி விடை சொல்லிற்று. கற்றவர்களும் மயங்கினார்கள். ஆஸ்கர் பூங்ஸ்டு என்னும் ஆராய்ச்சியாளர் 1907-ஆம் ஆண்டில் இதைச் சோதித்து உண்மையைக் கண்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்தவுடன் கேள்வி கேட்டவர் தம்மை அறியாமலே தலையை அணுவளவு அசைத்ததை அது கண்டுகொண்டு தட்டுவதை நிறுத்திற்று. அணுவளவு அசைவையும் காணும் பிராணிக்கு, கோபத்தோடு வருபவனையும் நடுக்கத்தோடு வருபவனையும் அறிவது எளிதல்லவா? ஆகையால் கோபமாயிருக்கும் வேளையில் லாயத்திற்குள் நுழையாதிருப்பதே நலம்.

3. லாயமும் தீனியும்: உறவின் அஸ்திவாரம்

பட்டினி கிடக்கும் பிராணியிடம் நட்பை எதிர்பார்ப்பது வீண். இயற்கையிற் குதிரை நாளொன்றுக்குப் பதினான்கு முதல் பதினாறு மணி நேரம் மேய்கின்றது. அதன் இரைப்பை உடலின் பருமனை நோக்கச் சிறியது. எருதைப்போல் அசைபோடும் வசதியும் அதற்கில்லை. ஆகவே இரண்டு வேளை தானியத்தைக் குவித்துக் கொடுத்து இடைநேரத்தில் வெறும் வாயோடு நிறுத்துவது தவறு. கொஞ்சம் கொஞ்சமாகப் புல் நாள் முழுவதும் கிடைக்கவேண்டும்.

இருநூற்றைம்பது கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு உலர்ந்த கணக்கில் ஏறக்குறைய ஐந்து கிலோ புல் வேண்டும். பச்சைப் புல்லாயின் இருபது முதல் இருபத்தைந்து கிலோ ஆகும். அறுகம்புல் மிகவும் உகந்தது. நெல் வைக்கோல் மட்டும் போதாது. வேலை செய்யும் குதிரைக்கு வேகவைத்த கொள்ளு அளவாகச் சேர்க்கலாம். வேலையில்லாத நாளில் தானியத்தைக் குறைத்தல் வேண்டும். கல்லுப்பு ஒரு கட்டி நக்குவதற்கு இருக்கட்டும். தண்ணீர் நாளொன்றுக்கு இருபது முதல் நாற்பது லிட்டர் வரை செல்லும். கோடைக்காலத்தில் இன்னும் கூடும்.

தீனியில் இரண்டு ஆபத்துக்களை விசேஷமாகக் குறிக்கிறோம். பூஞ்சணம் பிடித்த தீனியை, மாடு தின்னும் என்று எண்ணிக் குதிரைக்கும் இடலாகாது. கோழித்தீவனத்திற் சேர்க்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து கோழிக்கு நன்மை செய்வது. குதிரைக்கோ மிகச் சிறிய அளவிலும் இருதயத்தைக் கெடுத்துக் கொல்லும் விஷம். ஆகவே கோழித்தீவன மூட்டைகளையும், அம்மருந்து கலந்த மாட்டுத் தீவனத்தையும் லாயத்துக்கு அருகில் வைக்கவே கூடாது.

பாலாற்றங்கரைக் கிராமங்களுக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. மணற்பாங்கான தரையிற் புல்லைக் கொட்டினால், குதிரை மணலையும் சேர்த்து விழுங்கும். அம்மணல் குடலிற் படிந்து சூலையை உண்டாக்கும். ஒரு பிடி சாணத்தைத் தண்ணீரிற் கரைத்துத் தெளியவிட்டு அடியில் மணல் படிகின்றதா என்று அடிக்கடி பார்க்கலாம். தொட்டியிலோ தட்டியின்மேலோ தீனியிட்டால் இத்தீமையைத் தவிர்க்கலாம்.

குதிரை தனிமையைப் பொறுக்காது. நாள் முழுதும் குறுங்கயிற்றிற் கட்டுண்டு தனித்து நிற்கும் குதிரைகள் சில, உடலை இருபுறமும் ஓயாமல் ஆட்டும். சில, தொட்டியின் விளிம்பைப் பல்லாற் பற்றிக் காற்றை உறிஞ்சும். இவை துர்க்குணமல்ல, சிறைவாசத்தின் அறிகுறிகள். அடித்துத் திருத்த முயல்வதால் தீமையே வளரும். தினமும் சில மணி நேரமாவது வேலியிட்ட நிலத்தில் அவிழ்த்துவிட வேண்டும். வேறு குதிரை இல்லாதபோது ஒரு வெள்ளாடோ பசுவோ கண்ணுக்கெட்டும் தூரத்திலிருந்தாலும் ஓரளவு ஆறுதலாகும்.

4. பதினைந்து நாட் பழக்கம்

வாலாஜாபாத்துக்கு அருகே ஒரு குடியானவர், ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயிற் சந்தைக்குச் சென்று ஒரு மட்டக்குதிரையை வாங்கி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். குதிரை நெடுந்தூரம் லாரியில் நின்று வந்திருக்கிறது. இடம் புதிது, மனிதரும் புதியவர்கள். மறுநாளே சேணமிட்டு ஏறிப் பார்க்க வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு ஆசை. அந்த ஆசையை அடக்கிப் பதினைந்து நாள் பொறுத்தாரானால், அவர் பின்வருமாறு நடத்தலாம்.

முதல் மூன்று நாட்கள்: யாரும் குதிரையை வற்புறுத்தித் தொடவேண்டாம். ஒருவரே குறித்த வேளையிற் புல்லும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்து, சற்றுத் தூரத்தில் அமர்ந்து தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டிருக்கட்டும். குதிரை தானாகவே தலையை நீட்டி மோந்து பார்க்கும்வரை பொறுக்க வேண்டும். கிரேக்க தேசத்துத் தளபதியாகிய ஸெனபன், கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் எழுதிய குதிரை நூலிலும், பசியும் தாகமும் ஈத்தொல்லையும் மனிதனாலேயே தீருகின்றன என்பதைக் குட்டி உணரும்படி செய்யவேண்டும் என்னும் கருத்தே காணப்படுகின்றது.

நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை: தோளில் தொடங்கித் தேய்த்துவிடுதல். குதிரைகள் ஒன்றையொன்று பல்லாற் சொறிந்து நட்புக் காட்டுமிடம், பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேடு. அவ்விடத்தைச் சொறிந்தாற் குதிரையின் இருதயத்துடிப்புக் குறைகின்றது என்று 1993-ஆம் ஆண்டில் வெளியான பிரெஞ்சு ஆராய்ச்சி ஒன்று அளந்து காட்டியிருக்கிறது. முகத்தில் தட்டிக்கொடுப்பதை விட இவ்விடத்தைச் சொறிவதே அதற்குப் பிரியம். தேங்காய் நாரினாலோ புருசினாலோ மயிரின் போக்கிலே தேய்த்துவர, உடல் சுத்தமாவதோடு, புண், வீக்கம், உண்ணி முதலியனவும் கைக்குத் தெரிந்துவிடும். காதைத் தளரவிட்டு, தலையைத் தாழ்த்தி, கீழுதட்டைத் தொங்கவிட்டு நின்றால் அதற்கு இன்பம் என்று அறியலாம். காதைப் பின்னுக்கு மடக்கி, வாலைச் சுழற்றினால் கையை எடுத்துவிட வேண்டும். அது போதும் என்று சொன்னபோது நாம் நிறுத்தினால், சொல்லைக் கேட்கும் மனிதன் என்ற நம்பிக்கை அதற்கு உண்டாகும்.

எட்டாம் நாள் முதல் பதினோராம் நாள் வரை: தலைக்கயிற்றிற் பிடித்து நடத்துதல். பாவு நீட்டும் நெசவாளி இழையைத் தொய்யவும் விடான், அறுபடவும் இழுக்கான். தலைக்கயிறும் அப்படியே இருக்கவேண்டும். முன்னே வருமாறு மெல்ல இழுத்து, குதிரை ஓரடி வைத்த அந்தக் கணமே கயிற்றைத் தளர்த்துக. தளர்வே அதற்குக் கிடைக்கும் பரிசு. அடி வைத்த பின்னும் இழுத்துக்கொண்டேயிருந்தால், நடந்தும் பயனில்லை என்று எண்ணி நின்றுவிடும். இதையே நாம் பிடிவாதம் என்கிறோம். நடத்துபவன் குதிரைக்கு நேர் முன்னே நடவாமல் தோளுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். கயிற்றைக் கையிற் சுற்றிக்கொள்வது மகா ஆபத்து. குதிரை மிரண்டோடினாற் கையும் உயிரும் போகும். மரத்திற் கட்டும்போது, இழுத்த மாத்திரத்திற் கழலும் சுருக்கே போடவேண்டும்.

பன்னிரண்டாம் நாள் முதல் பதினைந்தாம் நாள் வரை: காலைத் தூக்கப் பழக்குதல். தோளிலிருந்து கையைத் தடவிக்கொண்டே கீழிறக்கி, குதிரை காலை இளக்கியதும் சிறிது தூக்கி, அது பிடுங்குவதற்கு முன் நாமே கீழே வைத்துவிட வேண்டும். முதல் நாள் ஒரு கணம். நாலாம் நாள் குளம்பைத் துடைத்துப் பார்க்கும் அளவு. குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைய வளர்வதால், ஆறு முதல் எட்டு வாரத்துக்கொரு முறை சீவ வேண்டும். காலைத் தூக்கப் பழகாத குதிரையை நாலு பேர் கயிறிட்டுத் தள்ளி லாடமடிப்பதும், அதற்குப் பயந்து அடுத்தமுறை அது லாடக்காரரை உதைப்பதும் இந்நாலு நாள் முயற்சியாற் பெரும்பாலும் ஒழியும்.

பழத்துண்டையோ வெல்லத்தையோ கையில் வைத்து ஊட்டும் வழக்கம் குழந்தைகளுக்கு வேடிக்கையாயிருக்கும். ஆயினும் நாளடைவில் குதிரை கையையும் சட்டையையும் கவ்வத் தொடங்கும். தட்டில் வைத்துக் கொடுப்பதே மேல்.

ஊர்வலத்துக்குப் போகவேண்டிய குதிரையை மேளத்துக்குப் பழக்க விரும்புவோர், லாயத்துக்கு வெகுதூரத்தில் மெல்ல மேளமடிக்கச் செய்து, அது புல் தின்பதை நிறுத்தாத அளவுக்கு மட்டும் நாளுக்கு நாள் அருகே வரவேண்டும். தின்பதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் அன்று அவ்வளவு போதும். மறுநாள் பத்தடி பின்னே தொடங்குக. காலடியிற் பட்டாசு கொளுத்திப் பயத்தைப் போக்கலாம் என்பது பொய்யான நம்பிக்கை. அப்படிப் பழக்கிய குதிரை ஜனக்கூட்டத்தில் மிரண்டால், மாப்பிள்ளையும் சுற்றி நிற்போரும் அடிபடுவார்கள்.

5. பழகியவன் கண்ணே முதல் வைத்தியன்

இவ்வளவு பொழுதைச் செலவிடுவதாற் கிடைக்கும் லாபம் யாது என்று கேட்கலாம். எல்லாவற்றினும் பெரிய லாபம், நோயை ஆரம்பத்திலே அறிதல்.

குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஆகவே வயிற்றிற் கோளாறு நேர்ந்தாற் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். முன்காலால் தரையைப் பறித்தல், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தல், அடிக்கடி படுத்தெழுதல், புரளுதல், சாணமிடாமை ஆகியவை சூலையின் குறிகள். இவற்றுக்கு முன்பே, வழக்கமாகக் குரல் கேட்டதும் தலையைத் தூக்கும் குதிரை அன்று பேசாமல் நிற்கும். தினமும் அருகிருந்தவனுக்கு மட்டுமே இந்த மாறுதல் தெரியும். அவன் இரவு ஒன்பது மணிக்குக் கண்டுகொள்வதை, பழகாதவன் விடியற்காலத்திற் புரளும்போதே காண்பான். இடைப்பட்ட அந்த எட்டு மணி நேரத்திலேயே குதிரையின் ஜீவன் தங்கியிருக்கிறது.

குதிரை சுகமாயிருக்கும் நாளிலேயே கீழ்க்கண்டவற்றை அளந்து ஒரு நோட்டில் எழுதிவைத்தல் நலம்:

நாடி — தாடை எலும்பின் உட்புறத்தில் விரல் வைத்துப் பார்க்கலாம். ஓய்வில் நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை.
மூச்சு — நிமிஷத்துக்கு 8 முதல் 16 வரை.
உடற்சூடு — 37.5 முதல் 38.5 டிகிரி சென்டிகிரேடு வரை.

வயிற்று வலியோடு நாடி அறுபதுக்கு மேற்பட்டால் நிலைமை கடுமையானது. உடனே கால்நடை வைத்தியருக்குச் சொல்லியனுப்பி, தீனியை அகற்றிவிட்டு, அவர் வரும்வரை புரளாதபடி மெல்ல நடத்தலாம். மூங்கிற்குழாயால் எண்ணெயையோ கஷாயத்தையோ வாயில் ஊற்றக்கூடாது. அது நுரையீரலிற் புகுந்து குதிரையைக் கொன்றுவிடக்கூடும்.

நமது பக்கத்து உஷ்ணமும் ஈரக்காற்றும் சேர்ந்த காலத்திற் சில குதிரைகளுக்கு வேர்வையே நின்றுவிடும். மற்றக் குதிரைகள் நனைந்திருக்க, இது உலர்ந்த தோலோடு மேல்மூச்சு வாங்கும். நிழலில் நிறுத்தி உடல் முழுவதும் தண்ணீர் ஊற்ற வேண்டும், வேலை வாங்கலாகாது. கடிக்கும் பெரிய ஈக்களாற் பரவும் சர்ரா என்னும் காய்ச்சல் மற்றொன்று. அதை உண்டாக்கும் நுண்ணுயிரைக் கிரிபித் எவன்ஸ் என்னும் கால்நடை வைத்தியர் 1880-ஆம் ஆண்டில் அக்காலத்துப் பஞ்சாபைச் சேர்ந்த தேரா இஸ்மாயில் கானிற் கண்டுபிடித்தார். விட்டுவிட்டு வரும் சுரம், இளைப்பு, காலிலும் வயிற்றடியிலும் நீர்வீக்கம் ஆகியவை இதன் குறிகள். சிறு ஆணிப்புண்ணாலும் குதிரைக்கு இசிவுநோய் வருமாகையால் அதற்குத் தடுப்பூசி போட்டுவைப்பது அவசியம்.

6. ஏறாமலே உயிர்காக்கும் குதிரைகள்

குதிரையால் ஏறுவதும் இழுப்பதும் தவிர வேறு பயனில்லை என்று நினைப்பவர்கள், கழனியிற் பாம்பு கடித்தவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது போடப்படும் ஊசிமருந்தை நினைத்துப் பார்க்கட்டும். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978-ஆம் ஆண்டில் ஏற்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார், நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்து மருந்து செய்யும் சாலைகளுக்கு அளிக்கிறார்கள். அங்கே அவ்விஷத்தை மிகச் சிறிய அளவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் இரத்தத்தில் விஷத்தை முறிக்கும் சக்தி உண்டானபின், அதிற் சிறிது எடுத்து, அதன் நீர்ப்பகுதியிலிருந்து மருந்தைப் பிரிக்கிறார்கள்.

இக்குதிரைகள்மேல் யாரும் ஏறுவதற்கில்லை. அவை செய்யவேண்டிய வேலை, ஊசி குத்தும்போதும் இரத்தமெடுக்கும்போதும் அமைதியாக நிற்பதே. அந்த அமைதியைச் சவுக்கால் உண்டாக்க முடியாது; தினமும் தொட்டுப் பழகிய கையாலேயே உண்டாக்க முடியும். நமது நஞ்சை நிலத்தில் இராக்காலத்தில் மடை திறக்கப் போகும் ஒவ்வொருவனும் இப்பிராணிக்குக் கடன்பட்டவனே.

7. கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடைச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட 1965-ஆம் ஆண்டு விதிகளின்படி, இழுவைப் பிராணிகளையும் பொதிப் பிராணிகளையும் ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணிக்கு மேலாகவும், இடையில் ஓய்வின்றி ஐந்து மணிக்கு மேலாகவும் வேலை வாங்கலாகாது. உஷ்ணம் 37 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்படும் இடங்களிற் பகல் பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை வேலை வாங்குவதும் கூடாது. முள் பொருந்திய கடிவாளத்தை உபயோகிப்பதும் குற்றம்.

மூக்கில் சீழொழுகுதலும் தோலில் வரிசையாகக் கட்டிகள் உடைதலும் கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோயின் குறிகளாகலாம். இது மனிதருக்கும் தொற்றிக் கொல்லக்கூடியது. கால்நடைத் தொற்றுநோய்கள் பற்றிய 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சந்தேகமான நோயைக் கண்ட சொந்தக்காரர் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்தாருக்கோ தெரிவிக்கவேண்டும்; அவர்கள் அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். குதிரை பறிபோகுமே என்று மறைப்பவர், லாயத்திற் படுக்கும் தம் மகனையே ஆபத்துக்கு உள்ளாக்குகிறார் என்பதை உத்தியோகஸ்தர்கள் பொறுமையாக எடுத்துச் சொல்லவேண்டும்.

8. நினைவிற் கொள்ளவேண்டியவை

பின்புறமாகச் சந்தடியின்றி அணுகாதே. கோபத்தோடு லாயத்தில் நுழையாதே. புல்லை நாள் முழுதும் பகிர்ந்து கொடு. தானியத்தை வேலைக்குத் தக்கபடி கொடு. தினமும் அவிழ்த்துவிடு. கேட்டபடி செய்த கணமே கயிற்றைத் தளர்த்து. தினமும் ஒரு முறை உடல் முழுவதும் கை படும்படி தேய்த்துவிடு. சுகமான நாளின் நாடியை எழுதிவை. நோய் கண்டால் மறையாதே.

இவற்றுள் ஒன்றுக்கும் அதிகப் பணம் வேண்டுவதில்லை. நாளொன்றுக்கு அரை மணி நேரமும், அதைத் தவறாமற் செய்யும் மனமுமே வேண்டும். வீட்டில் ஒருவர் இவ்வேலையைத் தமதென்று ஏற்றுக்கொள்ளட்டும். கூலிக்கு வைத்த குதிரைக்காரர் எத்துணை நல்லவராயினும், சொந்தக்காரர் வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது தாமே தேய்த்துவிட்டுத் தண்ணீர் காட்டுவாராயின், குதிரையின் நிலைமையைப் பிறர் சொல்லக் கேட்கவேண்டியதில்லை. பாண்டியர் காலத்திற் கப்பல் கப்பலாக வந்திறங்கிய குதிரைகளுக்குப் பொன்னும் பாலும் கிடைத்தன. இந்த அரை மணி நேரம் கிடைக்கவில்லை. நமது கொல்லையில் நிற்கும் ஒற்றை மட்டக்குதிரைக்காவது அது கிடைக்கும்படி செய்வோமாக.